'முடிவுகள் எதுவும் இல்லை' என்று வந்த பிறகு

பழைய தமிழ் நூல் ஒன்றைப் பற்றி யாராவது "அது இணையத்தில் இல்லை" என்று சொன்னால், நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: எப்படி எழுதித் தேடினீர்கள்? பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். நூலின் பெயரை ஒருமுறை தட்டியிருப்பார்கள். திரையில் 'முடிவுகள் எதுவும் இல்லை' என்று வந்திருக்கும். அத்தோடு பக்கத்தை மூடியிருப்பார்கள். அந்த நூலோ அதே தளத்தில், வேறோர் எழுத்துக்கூட்டலில், யாரும் திறக்காமல் கிடக்கும்.

இது எனக்கு மெய்யாகவே மனவருத்தம் தரும் விஷயம். 1998 பொங்கலன்று தொடங்கிய மதுரைத் திட்டத்தில் எத்தனையோ பேர் தங்கள் மாலை நேரங்களைக் கொடுத்துச் சங்க இலக்கியம் முதல் தற்கால உரைநடை வரை தட்டச்சு செய்தார்கள். 2005 முதல் ஈழத்து நூல்களையும் இதழ்களையும் பக்கம் பக்கமாக வருடி ஏற்றிவருகிறது நூலகம் தளம். தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம் இருக்கிறது. கோட்டையூர் ரோஜா முத்தையா சேர்த்த புத்தகங்களிலிருந்து 1994இல் சென்னையில் உருவான ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. உலகத்துக்கே பொதுவான இன்டர்நெட் ஆர்க்கைவ் இருக்கிறது. இத்தனை பேர் உழைத்துக் கொண்டுவந்து வைத்ததை, தேடத் தெரியாத ஒரே காரணத்தால் 'இல்லை' என்று எழுதிவிடுவது அநியாயம். ஆய்வேட்டில் 'இந்நூல் கிடைக்கவில்லை' என்று ஒருவர் எழுதினால், அடுத்து வருபவர் அதை நம்பித் தேடாமலே விட்டுவிடுகிறார்.

தேடல் பெட்டிக்குத் தமிழ் தெரியாது என்பதை முதலில் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். நாம் கொடுக்கும் எழுத்துகளின் வரிசை, எப்போதோ ஒருவர் உட்கார்ந்து பதிவு செய்த வரிசையோடு பொருந்துகிறதா என்றுதான் பெரும்பாலான தளங்கள் பார்க்கின்றன. ஆகவே நாம் தேடுவது நூலை என்பதைவிட, அதைப் பதிவு செய்தவரின் எழுத்துப் பழக்கத்தை என்பதே சரி. அவர் எந்த ஊர்க்காரர், முகப்புப் பக்கத்தைப் பார்த்து எழுதினாரா மேலட்டையைப் பார்த்து எழுதினாரா, சந்தி போடுபவரா, பெயரையும் சாதிப் பட்டத்தையும் ஒட்டி எழுதுபவரா பிரித்து எழுதுபவரா? இந்தக் கேள்விகளோடு தேடுபவருக்கு, நூலின் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடுபவருக்குக் கிடைக்காததெல்லாம் கிடைக்கும்.

ஒரு நூலை எடுத்துக்கொண்டு பார்ப்போம். சி. வை. தாமோதரம்பிள்ளை 1887இல் பதிப்பித்த கலித்தொகை. அந்நூலின் முதல் அச்சுப் பதிப்பு அது. 'கலித்தொகை' என்று மட்டும் தேடினால் பிற்காலப் பதிப்புகள், உரைகள், பள்ளிப் பதிப்புகள், ஆய்வுக் கட்டுரைகள் என்று வரிசை நீண்டுகொண்டே போகும். 1887 அதில் எங்கோ புதைந்திருக்கும். சரி, பதிப்பாசிரியர் பெயரைக் கொடுப்போம் என்றால், 'தாமோதரம்பிள்ளை', 'தாமோதரம் பிள்ளை', 'தாமோதரனார்' என்று மூன்று வடிவங்கள் வழக்கில் உள்ளன. தலைப்பெழுத்துகளை 'சி.வை.' என்று ஒட்டியும் எழுதுகிறார்கள், 'சி. வை.' என்று இடைவெளி விட்டும் எழுதுகிறார்கள். அந்த ஓர் இடைவெளி சில தளங்களில் முடிவையே மாற்றிவிடும். ஆகவே தலைப்பெழுத்துகளை நான் ஒருபோதும் தேடல் பெட்டியில் இடுவதில்லை. 'தாமோதர' என்ற பகுதியோடு நிறுத்திக்கொள்வேன்.

அப்படியும் வரவில்லை என்றால் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இந்த நூலுக்கு ஆசிரியர் யார்? தொகுத்தவராகச் சொல்லப்படும் நல்லந்துவனாரா, உரை எழுதிய நச்சினார்க்கினியரா, பதிப்பித்த தாமோதரம்பிள்ளையா? ஒரு தளத்தில் 'ஆசிரியர்' என்ற கட்டத்தில் உரையாசிரியர் இருப்பார். இன்னொன்றில் பதிப்பாசிரியர் இருப்பார். மற்றொன்றில் அந்தக் கட்டமே வெறுமையாக இருந்து, எல்லாப் பெயர்களும் தலைப்புக்குள் ஒரே நீண்ட வாக்கியமாக அடங்கியிருக்கும். பழைய தமிழ் நூல்களைத் தேடும்போது 'ஆசிரியர்' கட்டத்தை முதலில் நம்பக் கூடாது. எல்லாக் கட்டங்களிலும் ஒருசேரத் தேடும் பொதுத் தேடலில் தொடங்கி, பதிவுகள் எப்படி எழுதப்பட்டிருக்கின்றன என்று பார்த்த பிறகுதான் கட்டம் கட்டமாகக் குறுக்க வேண்டும். பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். 'மேம்பட்ட தேடல்' பக்கத்துக்குப் போய் எல்லாக் கட்டங்களையும் நிரப்பிவிடுகிறார்கள். நிரப்பும் ஒவ்வொரு கட்டமும் நூல் நழுவிப்போக இன்னொரு வழி.

வெளிநாட்டு நூலகங்களின் பட்டியல்களில் தேடுவது தனிக்கலை. அங்கே தமிழ்ப் பெயர்கள் ரோமன் எழுத்தில் இருக்கும். ஆனால் நாம் கடவுச்சீட்டில் எழுதுவதுபோல் அல்ல. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரே ரோமன் எழுத்து என்ற கண்டிப்பான முறை அது. சுப்பிரமணியம் அங்கே 'எஸ்' எழுத்தில் தொடங்க மாட்டார், 'சி'யில் தொடங்குவார். ஞானசம்பந்தர் 'ஜி'யில் இல்லை, 'என்' எழுத்தில் இருக்கிறார். நம் தாமோதரம்பிள்ளையை நாம் 'டாக்டர்' என்ற சொல்லின் முதலெழுத்தில் தேடிக்கொண்டிருப்போம். அவர் 'டேபிள்' என்ற சொல்லின் முதலெழுத்தில் இருப்பார். தமிழில் தகரம் ஒன்றுதான் என்பதால் அவர்கள் அதற்கு ஒரே எழுத்தைத்தான் தருகிறார்கள். இந்த முறையை ஒருமுறை கற்றுக்கொண்டால் போதும். லண்டன், சிகாகோ, வாஷிங்டன் என்று பெரிய நூலகங்களின் பட்டியல்கள் எல்லாம் திறந்துகொள்ளும். மேலே கோடு, கீழே புள்ளி போன்ற குறிகளைத் தட்டச்சு செய்ய வேண்டிய அவசியம் பெரும்பாலும் இல்லை. அடிப்படை எழுத்து சரியாக இருந்தால் பெரும்பாலான பட்டியல்கள் ஏற்றுக்கொள்ளும்.

இதற்கு நேர்மாறானது இன்டர்நெட் ஆர்க்கைவுக்கு வந்து சேர்ந்த இந்திய எண்ணிம நூலகத்தின் புத்தகங்கள். லட்சக்கணக்கானவை. அவற்றில் தமிழ்த் தலைப்புகளைப் பதிவு செய்தவர்கள் எந்த முறையையும் பின்பற்றவில்லை. காதில் விழுந்தபடி ஆங்கில எழுத்தில் எழுதிவிட்டார்கள். 'கலித்தொகை'யில் 'த்தொ' என்ற இடத்தில் 'எச்' உண்டா இல்லையா, 'கை'க்கு 'கே'யா 'ஜி'யா என்று ஒவ்வொன்றையும் மாற்றி மாற்றிப் போட வேண்டும். இங்கே நான் செய்வது, பெயரின் சர்ச்சையில்லாத துண்டு எது என்று பார்ப்பது. 'கலி' என்பதை யார் எழுதினாலும் ஒரே மாதிரிதான் எழுதுவார்கள். அந்தத் துண்டோடு, மீதி எப்படி இருந்தாலும் வரட்டும் என்று நட்சத்திரக் குறி சேர்த்து, மொழி தமிழ் என்று வடிகட்டி, வரும் வரிசையைப் பொறுமையாகக் கண்ணால் பார்க்க வேண்டும். நேரம் ஆகும்தான், ஆனால் அரிய நூல்கள் அகப்படுவது இந்த இடத்தில்தான்.

இனி, கண்ணுக்குத் தெரியாத சிக்கல் ஒன்று. 'ஔவையார்' என்று எழுதுங்கள். பிறகு 'ஒளவையார்' என்று எழுதுங்கள். திரையில் இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுபோலத் தெரியும். ஆனால் முதலாவதில் இருப்பது 'ஔ' என்ற ஒரே எழுத்து. இரண்டாவதில் இருப்பது 'ஒ' என்ற எழுத்தும் 'ள' என்ற எழுத்தும். கணினிக்கு இவை இரண்டு வேறு சொற்கள். ஒன்றைக் கொடுத்தால் மற்றது வராது. இதே கதிதான் 'மௌனி'க்கும்: 'மெளனி' என்று கொம்பும் ளகரமுமாகத் தட்டிய பதிவுகள் ஏராளம். கௌரி, பௌத்தம், சௌந்தரம், யௌவனம் என்று ஔகாரம் வரும் எந்தச் சொல்லையும் இரண்டு வகையாகவும் தேடியே ஆக வேண்டும். பௌத்தம் பற்றி ஆய்வு செய்யும் ஒருவர் ஒரு வடிவத்தை மட்டும் தேடினால், அந்தத் துறையில் கிடைக்கும் நூல்களில் ஒரு பகுதியை அவர் பார்க்கப்போவதே இல்லை. அப்படி ஒரு பகுதி விடுபட்டது அவருக்குத் தெரியவும் தெரியாது.

'ஸ்ரீ' இதைவிட மோசம். ஸகரத்தில் தொடங்கும் குறியீட்டு வரிசை ஒன்று. கணினி எழுத்துகளுக்கான பொதுக் குறியீட்டு முறையான யூனிகோடில் 2005இல் சேர்க்கப்பட்ட ஶகரத்தில் தொடங்கும் வரிசை இன்னொன்று. பல எழுத்துருக்களில் இரண்டும் அச்சு அசலாக ஒரே உருவம். எந்த விசைப்பலகை எந்த வரிசையைத் தருகிறது என்பது பயன்படுத்துபவருக்கே தெரியாது. வைணவ நூல்களைத் தேடுகிறவர்களுக்கு நான் சொல்வது, 'ஸ்ரீ'யை விட்டுவிட்டு மீதிப் பெயரைத் தேடுங்கள் என்பதுதான். 'ராமாநுஜ' என்றும் 'ராமானுஜ' என்றும் இரண்டு தேடல்கள், இரண்டுக்கும் முன்னால் இகரம் சேர்த்து இன்னும் இரண்டு. சலிக்காமல் செய்தால் பலன் உறுதி.

முன்னால் சேரும் அந்த இகரம் ஈழத்து நூல்களில் இன்னும் முக்கியம். யாழ்ப்பாண வரலாறு பற்றி 1933இல் எழுதிய முதலியாரை எடுத்துக்கொள்ளுங்கள். இராசநாயகம், இராஜநாயகம், ராசநாயகம் எல்லாம் அவர்தான். அவர் எழுதிய நூலின் பெயரும் அப்படித்தான்: 'யாழ்ப்பாணச் சரித்திரம்'. இடையில் வரும் 'ச்' சில பதிவுகளில் இருக்காது. சிலவற்றில் இரண்டு சொல்லும் ஒட்டியிருக்கும். இதே பெயரில் 1912இல் ஆ. முத்துத்தம்பிப்பிள்ளை எழுதிய நூலும் உண்டு என்பதால், தலைப்பு கிடைத்தவுடன் மகிழ்ந்துவிடாமல் ஆண்டையும் பார்க்க வேண்டும். 'முத்துத்தம்பிப்பிள்ளை' என்ற பெயரில் எத்தனை ஒற்று விடுபடலாம் என்று எண்ணிப் பாருங்கள். 'முத்து' என்ற அளவில் நிறுத்தி, வேறு ஒரு சொல்லைத் துணைக்குச் சேர்ப்பதே புத்திசாலித்தனம்.

தமிழில் பெயர்ச்சொல் வேற்றுமை ஏற்கும்போது உருமாறுகிறது என்பதையும் தேடுபவர்கள் மறந்துவிடுகிறார்கள். 'வரலாறு' என்று தேடினால் 'வரலாற்றில்', 'வரலாற்றுக் குறிப்புகள்' போன்றவை வராமல் போகலாம். 'புராணம்' என்றால் 'புராணத்தின்' வராது. சொல்லின் மாறாத முற்பகுதியை, அதாவது 'வரலா', 'புராண' என்பதைக் கொடுத்தால், பகுதிச் சொல்லை ஏற்கும் தளங்களில் எல்லா வடிவங்களும் ஒருங்கே வந்துவிடும். ஏற்காத தளங்களில் இரண்டு வடிவங்களையும் தனித்தனியே தேடுவதைத் தவிர வழியில்லை. மேற்கோள் குறிக்குள் முழுத் தொடரையும் அடைத்துத் தேடுவது ஆங்கிலத்துக்கு நல்ல உத்தி. தமிழில், குறிப்பாகப் பழைய நூல்களில், சந்தியும் இடைவெளியும் ஆளுக்கு ஆள் மாறுவதால், அது பெரும்பாலும் நம் கையை நாமே கட்டிக்கொள்வதாக முடியும்.

ஆண்டு பற்றித் தனியாகவே எழுதலாம். முகப்பில் 'சர்வசித்து வருடம் தை மாதம்' என்று மட்டும் அச்சிட்ட ஒரு நூலை எண்ணிக்கொள்ளுங்கள். சர்வசித்து 1887 ஏப்ரலிலும் பிறந்தது, 1947 ஏப்ரலிலும் பிறந்தது. தை மாதம் என்பதால் ஆங்கில ஆண்டு 1888 அல்லது 1948 ஆகிறது. பதிவு செய்பவர் தமிழ் வருடப் பட்டியலைப் பார்த்து 1887 என்று எழுதியிருக்கலாம், மாதத்தைக் கவனித்து 1888 என்று எழுதியிருக்கலாம், அறுபது ஆண்டு தள்ளியும் எழுதியிருக்கலாம். திருவள்ளுவர் ஆண்டு அச்சிட்ட நூல்களில் இன்னொரு பொறி இருக்கிறது. அதிலிருந்து 31ஐக் கழித்தால்தான் கிறித்தவ ஆண்டு; கழிக்காமல் அப்படியே பதிந்தால் 1967இல் வந்த நூல் 1998இல் வந்ததாக ஆகிவிடும். ஆகவே ஆண்டு வடிகட்டியை இறுக்கமாக வைக்காதீர்கள். முன்னும் பின்னும் ஓரிரு ஆண்டுகள் தாராளமாக விட்டு, அதிலும் வரவில்லை என்றால் வடிகட்டியையே எடுத்துவிட்டுத் தேடுங்கள்.

எனக்கு மிகவும் பிடித்த வழி அச்சகத்தின் வழியாக நுழைவது. பத்தொன்பதாம் நூற்றாண்டு அச்சகங்கள் தங்களை அழைத்துக்கொண்ட விதமே அலாதி: அச்சுக்கூடம், அச்சியந்திரசாலை, முத்திராட்சரசாலை, யந்திரசாலை. ஆறுமுக நாவலரின் அச்சகத்தின் பெயர் வித்தியாநுபாலன யந்திரசாலை. 'வித்தியாநுபாலன' என்று மட்டும் தேடிப் பாருங்கள். நாவலரின் பெயரில் தேடும்போது கண்ணில் படாத சிறு நூல்கள், வினாவிடைகள், பாலபாடங்கள் எல்லாம் வெளியே வரும். 'நு'வுக்குப் பதில் 'னு' போட்டும் ஒருமுறை தேட மறக்க வேண்டாம். ஊர்ப்பெயரும் இப்படி உதவும். சென்னை என்பதை அக்கால நூல்கள் சென்னப்பட்டணம், சென்னபட்டினம், சென்னை பட்டணம் என்றெல்லாம் குறித்தன. ஒரு நல்ல பதிவு கிடைத்தவுடன் அதைப் படித்துவிட்டு நகர்ந்துவிடாமல், அதிலுள்ள அச்சகப் பெயர், ஊர், பொருள் வகைப்பாடு எல்லாவற்றையும் எடுத்து அடுத்த தேடலுக்குச் சொற்களாக்கிக்கொள்ள வேண்டும். பதிவு செய்தவர் கையாளும் சொல் எது என்று அந்த ஒரு பதிவு காட்டிக்கொடுத்துவிடும்.

இதழ்களில் வந்த கட்டுரைகளைத் தேடுவோர் தளத்தின் இயல்பை அறிந்திருப்பது அவசியம். பெரும்பாலான தரவுத்தளங்கள் இதழை மட்டுமே பதிவு செய்கின்றன. உள்ளே என்ன இருக்கிறது என்பது பதிவில் இராது. நூலகம் தளம் இதில் பெரிய உபகாரம் செய்திருக்கிறது. பல இதழ்களின் உள்ளடக்கத்தையும், கட்டுரைத் தலைப்பும் எழுதியவர் பெயருமாக, தன்னார்வலர்கள் தட்டச்சு செய்து வைத்திருக்கிறார்கள். 1966இல் டொமினிக் ஜீவா தொடங்கிய 'மல்லிகை'யில் ஒருவர் எழுதிய சிறுகதையை, அவர் பெயரைக் கொண்டே பிடிக்க முடிவது அதனால்தான். அங்கே இதழ்களின் பெயர் ஆண்டு, புள்ளி, மாதம் என்ற முறையில் அமைந்திருக்கிறது, 'மல்லிகை 1970.05' என்பதுபோல. இந்த அமைப்பு தெரிந்தால் ஓர் ஆண்டின் இதழ்களை வரிசையாகப் பார்த்துவிடலாம். உள்ளடக்கம் தட்டச்சு செய்யப்படாத இதழ் என்றால் ஆண்டுக் கடைசி இதழைத் திறந்து பாருங்கள். சில பழைய இதழ்கள் அந்த ஆண்டுக்கான பொருளடக்கத்தை அதில் அச்சிடுவதுண்டு.

நூலின் உள்ளே இருக்கும் சொற்களைத் தேடும் வசதி வந்துவிட்டதே, பட்டியலைத் தடவிக்கொண்டிருப்பது ஏன் என்று கேட்கலாம். இன்டர்நெட் ஆர்க்கைவில் விவரப் பதிவுகளில் தேடுவது, நூலின் பாடத்தில் தேடுவது என்று இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. தமிழ் விக்கிமூலத்தில் நாட்டுடைமையாக்கப்பட்ட நூல்கள், படத்திலுள்ள எழுத்தைப் படித்தறியும் மென்பொருளான எழுத்துணரி கொண்டு பாடமாக்கப்பட்டிருக்கின்றன. இவை அருமையான வசதிகள். ஆனால் எழுத்துணரி எதில் தடுமாறும் என்று தெரிந்துகொண்டு தேட வேண்டும். 1978இல் தமிழ்நாடு அரசு எழுத்துச் சீர்திருத்தத்தை ஏற்பதற்கு முன் அச்சான பெரும்பாலான நூல்களில் ணா, றா, னா, லை, ளை போன்றவை பழைய வளைந்த உருவத்தில் இருக்கும். பழைய அச்சில் காலும் ரகரமும் குழம்பும். புள்ளிகள் மங்கி ஒற்றெழுத்து உயிர்மெய்யாகும். ஆகவே இந்த எழுத்துகள் இல்லாத சொல்லாகப் பார்த்துத் தேர்ந்தெடுப்பது நல்லது. ஓர் ஊரின் பெயரில் 'லை' இருந்தால், அந்த ஊரின் கோயில் இறைவன் பெயரையோ பக்கத்து ஊரையோ கொண்டு தேடிப் பாருங்கள்.

கேட்ட கேள்விக்குச் சரளமாகப் பதில் எழுதும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளையும் இப்போது பலர் நூல் தேடப் பயன்படுத்துகிறார்கள். வேறு எந்தச் சொல்லில் தேடலாம், ஒரு பெயரை எத்தனை வகையாக எழுதலாம் என்று கேட்க அவை உதவும். நூற்பெயரும் ஆண்டும் தந்தால் மட்டும் அப்படியே எடுத்துக்கொள்ளாதீர்கள். இல்லாத நூலுக்கும் அவை பதிப்பகம் சொல்லிவிடும். பட்டியலில் பதிவைக் கண்ணால் கண்டு, முகப்புப் பக்கத்தின் படத்தைத் திறந்து பார்த்த பிறகே அந்த நூல் இருப்பதாகக் கொள்ள வேண்டும்.

இத்தனைக்குப் பிறகும் கிடைக்காத நூல்கள் உண்டு. அப்போது செய்ய வேண்டியது நூலகருக்கு எழுதுவது. பதிவேறாத பெட்டிகளில் என்ன இருக்கிறது, அடுத்த மாதம் எது ஏறப்போகிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். "இந்த நூல் இருக்கிறதா ஐயா?" என்று ஒற்றை வரியில் கேட்டால் அவர்களும் நீங்கள் தேடியதைப் போலவே தேடிவிட்டு இல்லை என்பார்கள். நூற்பெயரை அறிந்த எல்லா எழுத்துக்கூட்டல்களிலும் எழுதுங்கள். பதிப்பாசிரியர், உரையாசிரியர், அச்சகம், ஊர், தமிழ் வருடம், ஆங்கில வருடம் இவற்றில் தெரிந்ததைச் சேருங்கள். இந்த நூல் இருந்தது என்று உங்களுக்குச் சொன்ன மேற்கோள் எந்த நூலில் எந்தப் பக்கத்தில் இருக்கிறது என்பதைக் குறிப்பிட்டு, அந்தப் பக்கத்தின் படத்தையும் இணையுங்கள். எந்தெந்தத் தளத்தில் எந்தெந்தச் சொல்லால் தேடினீர்கள் என்பதைக் கடைசியில் எழுதுங்கள். தேடும் வழியில் தவறான ஆண்டோடோ பிழையான பெயரோடோ ஏதேனும் பதிவு கண்ணில் பட்டிருந்தால், அதன் எண்ணையும் சரியான விவரத்தையும் அதே கடிதத்தில் தெரிவித்துவிடுங்கள்.